கடலோரக் கோயில்களுக்குப் பதினெட்டுப் பேர்

கோயில் டூர் நடத்துகிறவர்களுக்கு முதல் வருஷமே ஒன்று தெரிந்துவிடும்: பேர் கொடுக்கும்போது யாரும் தாங்கள் வரும் காரணத்தைச் சொல்வதில்லை. "சாமி கும்பிடத்தாங்க" என்பார்கள். நாமும் நோட்டில் பேரையும் வயசையும் போன் நம்பரையும் எழுதிக்கொள்வோம். நிஜமான காரணம் வழியில் எங்காவது, நாம் எதிர்பார்க்காத ஓர் இடத்தில், தானாக வெளியே வரும்.

நான் கடத்தூர்க்காரி. பேர் சரோஜா. தையல் கடை வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். அதனால் தெருவில் யார் கர்நாடகக் கோயிலுக்குக் கிளம்பினாலும் பேச்சுத் துணைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். அப்படித் துணைக்குப் போனவள், நாளாவட்டத்தில் கூட்டிப் போகிறவளாகவே ஆகிவிட்டேன். ஐந்து நாள் டூர். ஓசூர், பெங்களூர் தாண்டி மலை இறங்கினால் மேற்குக் கடற்கரை. மூடபித்ரி, கார்க்களா, வரங்கா ஊர்களில் பழைய சமணக் கோயில்கள். உடுப்பி, கொல்லூர், முருடேஸ்வரம், கோகர்ணம் என்று நம்முடைய சாமிகள். "சமணக் கோயிலுக்கு நாம எதுக்குங்க?" என்று போகும்போது எல்லோரும் கேட்பார்கள். திரும்பி வரும்போது அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வருவார்கள்.

வேன் தருமபுரி அன்வர் பாயுடையது. அவரேதான் ஓட்டுவார். பாய்க்கும் எனக்கும் போகப் பதினெட்டு சீட். இதே வேலை செய்கிற உங்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. தலை எண்ணித் தலை எண்ணியே தலை நரைத்தவர்கள் நாம்.

ஆயிரம் தூணுக்கு நடுவில் ஒருத்தி

எண்ணுவதில் நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். மூடபித்ரியில் ஆயிரம் தூண் கோயிலைப் பார்த்துவிட்டு எல்லோரும் வேனில் ஏறினார்கள். எண்ணினேன், பதினெட்டு வந்தது. கிளம்பலாம் என்று பாயிடம் சொல்லிவிட்டேன். என்னையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன் என்பது கார்க்களா போய், மலை ஏறி, இறங்கி, சாப்பாட்டுக்கு இலை போட்ட பிறகுதான் தெரிந்தது. ஓர் இலை மிஞ்சி நின்றது. அது வளர்மதியின் இலை. மாமியாருடன் வந்திருந்த பெண். மாமியார் வேனில் ஏறியதும் தூங்கிப்போனவர், மருமகள் பின் சீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். மலை ஏற முடியாது என்று கீழேயே இருந்துவிட்டதால், அப்போதும் அவருக்குத் தெரியவில்லை. வளர்மதியின் போன், பை எல்லாம் வேனில் கிடந்தன. பாஷை தெரியாத ஊர். கையில் பத்து ரூபாய்கூட இல்லாத பெண்.

மற்றவர்களைச் சாப்பாட்டுக்கடையில் விட்டுவிட்டு நானும் பாயும் வேனைத் திருப்பினோம். அரை மணி நேர ரோடு. போலீஸ் ஸ்டேஷனில் என்ன சொல்வது, அவள் வீட்டுக்காரருக்கு எப்படிப் போன் போடுவது என்றெல்லாம் மனசு ஓடிக்கொண்டிருந்தது. கோயிலுக்குள் ஓடினேன். வளர்மதி ஒரு தூணில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோயிலில் ஒரு தூண் மாதிரி இன்னொரு தூண் இருக்காது என்பார்கள். அவள் எதிரில் இருந்த தூணின் பூ வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத முகம் இல்லை. நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்; என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னாள்:

"ரெண்டு மணி நேரமா யாரும் என் பேரச் சொல்லிக் கூப்புடலைங்க்கா. கல்யாணமாயி பன்னெண்டு வருசத்துல இன்னிக்குத்தான்."

ஏரிக்கு நடுவே

வரங்காவில் ஏரியின் நடுவில் ஒரு சின்ன சமணக் கோயில் இருக்கிறது. சிறிய படகில்தான் போக வேண்டும். ஒரு டூரில் ஏரியூர்ப் பக்கத்திலிருந்து மாதையன் என்பவர் வந்திருந்தார். அறுபது வயசு இருக்கும். காவிரியில் பரிசல் ஓட்டியவர் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அப்படிப்பட்டவர் படகைப் பார்த்ததும் கரையிலேயே நின்றுவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவர் ஊர்க்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பல வருஷம் முன்னால் ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள், அவசரம் என்று கெஞ்சிய ஒரு குடும்பத்தை மாதையன் பரிசலில் ஏற்றியிருக்கிறார். நடு ஆற்றில் கவிழ்ந்துவிட்டது. மூன்று பேரைக் கரை சேர்த்துவிட்டார். ஒரு பெண்ணைச் சேர்க்க முடியவில்லை. அன்றோடு துடுப்பைத் தொடவில்லையாம்.

நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. முதல் நடையில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். படகு கரையை விட்டுப் பத்தடி போயிருக்கும். ஓர் அம்மா போட்டோ எடுக்க எழுந்து நின்றுவிட்டார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. பயத்தில் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். படகுக்காரர் கன்னடத்தில் கத்தினார். நான் அதைத் தமிழில் சொல்வதற்குள் கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "உக்காருங்க. யாரும் யாரையும் புடிக்காதீங்க. பச்ச சேல, நீங்க மட்டும் வலது பக்கம் நவுருங்க." அப்படி ஒரு குரல் மாதையனிடம் இருக்கும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்தார்கள். படகு நேரானது. அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த நடையில் அவர் தானாகவே ஏறி, பின்பக்கம் உட்கார்ந்துகொண்டார். ஈர வேட்டியோடு கோயிலுக்குள் போய்க் கும்பிட்டார். திரும்பும்போது, தண்ணீரைப் பார்த்துப் பயமாக இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"தண்ணி மேல பயமில்லீங்கம்மா. என்னை நம்பி ஏறுவாங்க பாருங்க, அதுமேலதான் பயம்."

சட்டை

உடுப்பியில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நம் ஊர் ஆட்களுக்கு அதில் சங்கடம் ஒன்றும் இல்லை. ஆனால் முருகேசன் மட்டும் கழற்றமாட்டேன் என்றார். கடத்தூருக்குப் பக்கத்து ஊர்க்காரர், நாற்பது வயசு. மனைவியோடு வந்திருந்தார். வெயில் நாளிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் போட்டிருப்பார். "நீ போய்ட்டு வா" என்று மனைவியை அனுப்பிவிட்டு வேனுக்கு வந்துவிட்டார். வேனில் அன்வர் பாய் இருந்தார். ஒவ்வொரு கோயிலிலும் பாய் வேனில் தனியாகத்தான் இருப்பார். அந்த டூர் முழுக்க அவருக்குத் துணை கிடைத்தது. உடுப்பியில், கொல்லூரில், கோகர்ணத்தில் என்று இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேனில் சிலர் முணுமுணுத்தார்கள். சாமிக்குச் சட்டை கழற்றாதவர் கோயிலுக்கு எதற்கு வரவேண்டும் என்று ஒருவர் என் காதுபடவே கேட்டார்.

அவர் மனைவிதான் கொல்லூரில் கை கழுவும் இடத்தில் என்னிடம் சொன்னாள். பட்டாசுக் கிடங்கு ஒன்றில் வேலைக்குப் போனவர். தீ பிடித்தபோது முதுகும் மார்பும் வெந்துவிட்டன. கூட வேலை செய்த மூன்று பேர் உயிரோடு வெளியே வரவில்லை. உயிர் பிழைத்தால் கடலோரக் கோயிலுக்குக் கூட்டி வருவதாக அவள் ஆஸ்பத்திரியில் வேண்டிக்கொண்டிருக்கிறாள். "நான் வேண்டிக்கிட்டது, அவரு உள்ள வரமாட்டேங்கறாரு. வேண்டுதல் நிறைவேறுச்சா இல்லையான்னு தெரியலைக்கா" என்றாள்.

அந்த முறை கடலோரத்தை முதலில் முடித்துவிட்டு, கார்க்களாவைத் திரும்பும் வழியில் வைத்திருந்தேன். அங்கே ஒரு பாறைக் குன்றின்மேல் சமண முனிவர் பாகுபலியின் சிலை. ஒரே கல்லில் வானத்துக்கு நிற்கும். உடம்பில் ஒரு நூல் துணி கிடையாது. வெயிலும் மழையும் நூற்றாண்டுக் கணக்கில் அந்த வெற்றுடம்பில்தான் விழுகின்றன. அங்கே யாரும் சட்டையைக் கழற்றச் சொல்வதில்லை. முருகேசன் படியேறி வந்து சிலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நாங்களெல்லாம் சுற்றிவந்து நிழலில் ஒதுங்கியபிறகும் அங்கேயே நின்றார். அப்புறம் ஒவ்வொரு பட்டனாகக் கழற்றி, சட்டையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். சுருங்கிப் பளபளத்த தோலைப் பார்த்ததும் முணுமுணுத்தவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவர் மனைவி பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கும்பிடவில்லை, அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். இறங்கும்போதும் அவர் சட்டையைப் போடவில்லை. என்ன கேட்பது என்று தெரியாமல், காற்று வாங்குகிறீர்களா என்று கேட்டுவைத்தேன்.

"எதுவுமே போடாம நிக்கறவருகிட்ட மறைக்கறதுக்கு என்னங்க இருக்குது" என்றார்.

நான்கு வாசல்

அதே கார்க்களாவில், பாகுபலிக் குன்றுக்கு எதிரே இன்னொரு குன்றின்மேல் நான்முகக் கோயில் ஒன்று உண்டு. நான்கு பக்கமும் வாசல். நான்கும் அச்சு அசலாக ஒரே மாதிரி. உள்ளேயும் எந்தப் பக்கம் போனாலும் கறுப்புக் கல்லில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக நிற்பார்கள். எந்த வாசலில் நுழைந்தோம், செருப்பை எங்கே விட்டோம் என்று தெரியாமல் எல்லோரும் ஒருமுறை சுற்றுவார்கள். பொம்மிடியிலிருந்து வந்த சின்னசாமி காணாமல் போனது அங்கேதான்.

சின்னசாமி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ராஜம்மா அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே நடப்பார். புதுக் கல்யாண ஜோடி மாதிரி என்று வேனில் கேலிகூடச் செய்தார்கள். அன்று ராஜம்மா சட்டையை விட்டுவிட்டுக் கும்பிட ஒரு நிமிஷம் கண்ணை மூடியிருக்கிறார். திறந்து பார்த்தால் கணவர் இல்லை. ராஜம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்போதுதான் உண்மை வந்தது. இரண்டு வருஷமாகக் கணவருக்கு மறதி. முதலில் சாவி, அப்புறம் தெரு, இப்போது சில நாள் மகள் முகமே தெரிவதில்லை. "சொன்னா கூட்டிட்டு வரமாட்டீங்கன்னுதான் சொல்லலைங்க" என்றார். சொல்லியிருந்தால் கூட்டி வந்திருக்கமாட்டேன். அது எனக்கும் அவருக்கும் தெரியும். குன்றின் ஒரு பக்கம் பாறைச் சரிவு. பாய் கீழே ரோட்டுக்கு ஓடினார். நாங்கள் நான்கு வாசலையும் சுற்றினோம். எந்த வாசலைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று எங்களுக்கே குழம்பிப்போனது. இரண்டு பேர் ஒரே வாசலை மூன்று முறை பார்த்திருக்கிறார்கள்.

கடைசியில் ஒரு வாசல் படியில் சின்னசாமி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம். அவர் பக்கத்தில் எங்கள் வேன் ஆட்களே நான்கைந்து பேர், "நாம இந்தப் பக்கந்தான வந்தோம்?", "இல்லை, அந்தப் பக்கம்" என்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள். அவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ராஜம்மா ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். திட்டவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது. சின்னசாமி அவரைத் திரும்பிப் பார்த்து, ரொம்ப நாளாக ஏதோ ஒரு கவலை இருந்து இப்போது தீர்ந்த மாதிரி சொன்னார்:

"எல்லாருக்கும்தான் குழம்புது ராஜம்மா. எனக்கு மட்டும்னு நெனச்சன்."

பேருக்கு முன்னால்

கோவிந்தம்மா என்னோடு மூன்று முறை வந்திருக்கிறார். முதல் இரண்டு முறையும் கோயிலுக்குள் அதிக நேரம் நிற்கமாட்டார். வெளியே வந்து, கடைத்தெருவில் ஒரு போட்டோவைக் காட்டிக் காட்டிக் கேட்பார். கல்யாணத்துக்கு எடுத்த போட்டோவிலிருந்து வெட்டிய பாதி. மங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போன அவர் வீட்டுக்காரர் முதல் ஆறு மாதம் போன் செய்தார். அப்புறம் இல்லை. பதினான்கு வருஷம் ஆகிறது. தேடிப் போன அண்ணன் வெறுங்கையோடு வந்தார். செத்ததற்கும் தகவல் இல்லை, இருப்பதற்கும் தகவல் இல்லை.

மூன்றாம் முறை போட்டோ இல்லாமல் வந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை அடிக்க வேண்டும். அப்பா பேருக்கு முன்னால் என்ன போடுவது என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டுவிட்டார்கள். இருக்கிறார் என்றால் மணவறையில் வந்து நிற்கட்டும். இல்லையென்றால் 'அமரர்' என்று பேருக்கு முன்னால் போட்டுவிடுங்கள், இந்த அம்மா நெற்றியில் குங்குமத்தோடு நின்றால் வருகிறவர்கள் கேட்பார்கள் என்று. அவர்கள் கேட்டதிலும் தப்பு சொல்ல முடியாது. அதனால் கோகர்ணத்தில் காரியம் செய்துவிடலாம் என்று கோவிந்தம்மா ஒரு பையில் வேட்டியும் எள்ளும் எடுத்து வந்திருந்தார்.

கோகர்ணத்துக் கடற்கரையில் ஒரு புரோகிதரிடம் போனோம். பெரியவர், பொறுமையான ஆள். என்றைக்கு இறந்தார், திதி என்ன என்று கேட்டார். நான் விஷயத்தைக் கன்னடத்தில் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார். பன்னிரண்டு வருஷத்துக்குமேல் தகவல் இல்லையென்றால் செய்ய வழி இருக்கிறது என்றார். ஆனால் செய்துவிட்டால் அவர் இல்லை என்றுதான் அந்த அம்மா இனிமேல் வாழவேண்டும், மனசில் அரைகுறையாக வைத்துக்கொண்டு செய்யவேண்டாம், நன்றாக யோசித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். நான் முதல் பாதியை மட்டும் தமிழில் சொன்னேன். "செய்யலாம்னு சொல்றாருங்க." இத்தனை வருஷம் அலைந்தவர், எதையாவது முடித்துக்கொண்டு ஊருக்குப் போகட்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. கோவிந்தம்மா என் முகத்தைப் பார்த்தார். "அவரு அவ்வளவு நேரம் பேசுனாருங்க. நீங்க இவ்வளவுதான் சொல்றீங்க" என்றார். மீதியையும் சொன்னேன். மறைத்ததற்காக அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அலைக்குப் பக்கத்தில் போய், பையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் தரிசனம் முடித்து வரும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு பையைப் பிரிக்காமலேயே எடுத்துக்கொண்டு வந்து வேனில் ஏறிவிட்டார்.

கல்யாணப் பத்திரிகை எனக்கு வந்தது. அப்பா பேர் வெறுமனே இருந்தது. முன்னால் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்குப் போனேன். மணவறையில் கோவிந்தம்மா குங்குமத்தோடு நின்றார், பக்கத்தில் அவர் அண்ணன். வந்தவர்களில் சிலர் குசுகுசுவென்று பேசத்தான் செய்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவியபிறகு அவரிடம், மாப்பிள்ளை வீட்டுக்காரர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"தெரிஞ்சதத்தான பத்திரிகைல போடணும்? எனக்குத் தெரியாதுங்க, அதனால ஒண்ணும் போடலைன்னு சொன்னன்."

முருடேஸ்வரத்தில் வந்த போன்

இது போன வருஷம். மூன்றாம் நாள் மத்தியானம், முருடேஸ்வரத்தில் எல்லோரும் கடலோரச் சிவனைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்கள். அடுத்தது கோகர்ணம், அதோடு தரிசனம் முடிந்து திரும்புகிற வழிதான். கோகர்ணத்துக்காகவே வந்தவர்கள்தான் அந்த வேனில் பாதிப் பேர். அன்வர் பாய் வேனுக்குப் பக்கத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அக்கா, அம்மா போயிட்டாங்களாம்" என்றார். தருமபுரியிலிருந்து தம்பி பேசியிருக்கிறார். சாதாரணமாக அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். மூத்த மகன் வரவேண்டும், அதனால் விடியற்காலைத் தொழுகை வரைக்கும் வைத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். "கோகர்ணம் காட்டிட்டே கிளம்பலாம்க்கா. ஜனங்க ஆசப்பட்டு வந்திருக்காங்க" என்றார் பாய். கோகர்ணம் போனால் விடிவதற்குள் ஊர் போய்ச் சேர முடியாது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை.

பதினெட்டுப் பேரிடமும் நான் எப்படிக் கேட்பது? கேட்டேன். தங்கவேலு என்று ஒரு பெரியவர் இருந்தார். நான் அடித்துக் கொடுத்த டூர் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எங்கே கால் மணி தாமதமானாலும் எடுத்துக் காட்டுகிறவர். பாய் தொழுகைக்கு வண்டி நிறுத்தியதையும் ஏன் என்று கேட்டவர். அவர்தான் பேசப்போகிறார் என்று எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் பாயிடம் போய், "சாமி அங்கயேதான் இருக்கும். வண்டிய ஊருக்குத் திருப்புங்க" என்றார். பின் சீட்டில் ஓர் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கணவருக்குக் கோகர்ணத்தில் திதி கொடுக்க வந்தவர். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த மனசோடு பாய் ஓட்டக்கூடாது என்று சொல்லி, அங்கேயே டாக்சி ஸ்டாண்டில் ஓர் ஆளைப் பிடித்து ஸ்டீயரிங்கில் உட்காரவைத்தேன். பாய் முதல் முறையாகத் தன் வேனில் பயணி சீட்டில் உட்கார்ந்தார். தங்கவேலு அவருக்கு ஜன்னலோர சீட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே நகர்ந்துகொண்டார். வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிஸ்கட்டும் வாழைப்பழமும் கைமாறிக்கொண்டிருந்தன. பாய் எதையும் வாங்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் தருமபுரியில் அவர் தெருமுனைக்கு வந்து சேர்ந்தோம். ஊருக்கு வண்டி பிடிக்க வேண்டிய பதினெட்டுப் பேரும் அப்படியே இறங்கினார்கள். பெண்கள் தெருமுனையில் நின்றார்கள். ஆண்கள் தோளில் கிடந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பாயின் பின்னால் நடந்தார்கள். தொழுகை முடிந்து, அம்மாவை மண்ணுக்குக் கொடுத்த பிறகு, பாய் என்னிடம் வந்து நின்றார். நன்றி என்கிற மாதிரி எதையாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் சொன்னது வேறு:

"இந்த ரோட்ல எத்தினியோ வாட்டி ஓட்டியிருக்கன்க்கா. இவ்வளவு தூரம்னு நேத்துதான் தெரிஞ்சுது."

உள்ளே போய்க் கும்பிடுகிறவர்கள் அவர்கள், வெளியே செருப்புக்கும் பைக்கும் காவல் நிற்கிறவள் நான், ஆனாலும் கடத்தூர்ச் சந்தையில் என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் "உனக்கென்னம்மா, மாசா மாசம் சாமி தரிசனம்" என்றுதான் சொல்கிறார்கள்.